பக்கத்து லேன்காரர் கத்திட்டார், நான் திரும்ப ரேஞ்சுக்குப் போகலாமா?

வாசகர் கேள்வி:

கோச் சார், எனக்கு 29 வயசு, கோயமுத்தூர்ல ஐ.டி. வேலை. கொஞ்ச மாசமா வீக்கெண்ட்ல ஒரு பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் ரேஞ்சுக்குப் போறேன். போன மாசம் ஒரு பையன் கீழ விழுந்த டார்கெட் கார்டை எடுக்க முன்னாடி போயிருந்தான், அந்த நேரத்துல நான் சும்மா ரைஃபிளைத் தூக்கி சைட் வழியா பாத்துட்டேன். லோட் பண்ணல, பேரல் காலின்னு காட்டற சேஃப்டி ஃப்ளாக் கூட உள்ளதான் இருந்துச்சு. பக்கத்து லேன்ல இருந்தவர் "ஏய், கீழ வை"ன்னு கத்தி, அப்புறம் எல்லார் முன்னாடியும் நின்னு திட்டித் தீத்துட்டார். அவர் எப்பவும் என்னையே பாத்துட்டு நிப்பார். அழுதுட்டே வீட்டுக்கு வந்தேன், அதுக்கப்புறம் போகவே இல்ல. இன்னொருத்தர் இருக்கார், ரிடையர் ஆன பெரியவர், நான் கேக்காமலே ஒவ்வொரு ஷாட்டுக்கும் அட்வைஸ், ஒரு தடவை நான் எய்ம் பண்ணிட்டு இருக்கும்போதே முழங்கையைப் பிடிச்சு நகர்த்தினார். இதெல்லாம் இருக்க, வேற ஒருத்தர் தன் பிஸ்டலை ஃப்ரெண்டுக்குக் காட்டறேன்னு அப்படியே பின்னாடி திரும்பினார், பேரல் என் வயித்தைத் தாண்டித்தான் போச்சு, அப்ப யாருமே எதுவும் சொல்லல, நானும் புதுசுங்கறதால வாயைத் திறக்கல. இங்க யாருக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாதுன்னே புரியல. நான் திரும்பப் போகலாமா? போனா அம்மாவை ஒரு நாள் கூட்டிட்டுப் போய் காட்டலாமா? பேர் போடாதீங்க ப்ளீஸ்.

பதில்:

போங்க. இந்த வாரமே போங்க. எவ்வளவு நாள் தள்ளிப் போடறீங்களோ அந்த அளவுக்கு அந்த வாசல்ல கால் வைக்கறது கஷ்டமாயிடும், அதனால முதல்ல போற நாளை முடிவு பண்ணிட்டு மிச்சத்தைப் படிங்க.

அந்தக் கத்தலைப் பத்தி முதல்ல பேசிடறேன், ஏன்னா உங்க லெட்டர்ல அதுதான் இன்னும் ஆறல. அவர் "கீழ வை"ன்னு கத்தினது சரி. அதுக்கப்புறம் நின்னு திட்டினது தப்பு. ரெண்டும் ஒரே ஆள் வாயில இருந்து ஒரே மூச்சுல வந்ததால நீங்க ரெண்டையும் ஒண்ணா கட்டி வெச்சுட்டீங்க, அதான் ஒரு நேரம் அவர் மேல கோவம் வருது, இன்னொரு நேரம் உங்க மேலயே வெறுப்பு வருது. பிரிச்சு வெச்சுப் பாருங்க.

லோட் பண்ணல, ஃப்ளாக் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. நம்பறேன். ஆனா அது உங்களுக்குத் தெரியும், முன்னாடி குனிஞ்சு கார்டு பொறுக்கிட்டு இருந்த பையனுக்குத் தெரியாது, பக்கத்து லேன்காரருக்கும் தெரியாது. அவர் பாத்தது ஒண்ணே ஒண்ணு, முன்னாடி ஒரு ஆள் இருக்கான், இங்க ஒரு ரைஃபிள் மேல ஏறுது. ரேஞ்ச்ல நாம எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் முகம் தெரியாத ஆளுங்க, பேர் கூடத் தெரியாது, அப்படியிருந்தும் கையில துப்பாக்கியோட ஒரே ரூம்ல நிக்கறோம்னா எப்படி முடியுது? ஒவ்வொருத்தரும் அடுத்து என்ன செய்யப் போறாங்கன்னு பாத்தாலே தெரியற மாதிரி நடந்துக்கறதாலதான். உங்க மனசுக்குள்ள எவ்வளவு ஜாக்கிரதையா இருந்தாலும் அது வெளியாளுக்குக் கண்ணால தெரியணும், இங்க மரியாதைன்னா முதல்ல அதுதான், ப்ளீஸ் தேங்க்ஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்னு புதுசா வர்றவங்க நிறைய பேருக்குப் புரியறதில்ல, அதுல அவங்க தப்பு பெருசா இல்ல. நம்ம ஊர்ல ஏர் ரைஃபிள்னா எல்லாரும் முதல்ல பாக்கறது மெரினா பீச்லயும் கோயில் திருவிழாவுலயும் பலூன் சுடற கடைதான், அங்க துப்பாக்கி கை மாறும், பேரல் எந்தப் பக்கம் வேணா திரும்பும், சுட்டு முடிச்சவர் அப்படியே தோள்ல சாய்ச்சுட்டு போட்டோ எடுப்பார். அந்த ஞாபகத்தோட ரேஞ்சுக்கு வந்தா இதுவும் விளையாட்டு சாமான்தானேன்னு கை தானா நடந்துக்கும். உங்க கையில இருக்கற மேட்ச் ரைஃபிள்ல இருந்து போற பெல்லட் 4.5 மில்லிமீட்டர், எடை சுமார் அரை கிராம், ஆனா விநாடிக்கு 170 மீட்டர் பக்கத்துல வேகம். கார்டுக்குப் பின்னாடி பெல்லட்டைத் தடுக்கற டிராப்ல பட்டா தட்டையாகி விழும், கண்ணுல பட்டா பார்வை போயிடும்.

அதோட ட்ரிகர். உலக ஷூட்டிங் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப். ரூல்ல ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை, அதாவது அதை இழுக்கத் தேவையான பலம், குறைஞ்சது 500 கிராம் இருக்கணும், ஆனா ஏர் ரைஃபிளுக்கு அப்படி ஒரு கீழ் வரம்பே கிடையாது, அதனால பல பேர் தொட்டாப் போதும்ங்கற அளவுக்கு லேசா செட் பண்ணி வெச்சிருப்பாங்க. இது தெரிஞ்ச ஒருத்தருக்கு, ஆள் முன்னாடி இருக்கும்போது ரைஃபிள் மேல வர்றதைப் பாத்தா வயிறு கலங்காம இருக்காது. போட்டியிலயே யாராவது ஃபயரிங் லைனைத் தாண்டி முன்னாடி போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடக்கூடாது, எய்ம் பண்ணிப் பாக்கக்கூடாது, பெல்லட் இல்லாம ட்ரிகரை அழுத்தற ட்ரை ஃபயர் கூடக் கூடாது, ஃப்ளாக் உள்ள இருக்கணும், ரூல் அவ்வளவு கண்டிப்பா இருக்கு. "ஸ்டாப்" சொன்னதுக்கு அப்புறம் ஆஃபீசர் அனுமதி இல்லாம துப்பாக்கியைக் கையாண்டா டிஸ்குவாலிஃபை பண்ணக்கூட இடம் இருக்கு. அதனால இனிமே யாராவது முன்னாடி போறாங்கன்னா உங்க ரைஃபிளை டேபிள்ல ஃப்ளாக்கோட வெச்சுட்டு, ரெண்டு அடி பின்னாடி வந்து கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. தண்ணி குடிங்க, கண்ணுக்கு ரெஸ்ட் குடுங்க. பெல்லட் டப்பாவை அடுக்கறது, சைட்டைத் துடைக்கறது கூட அப்புறம் பாத்துக்கலாம். டேபிள் கிட்ட கை போகலன்னா பாக்கறவங்களுக்கு நிம்மதி.

கத்தினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பாதிப் பேர் காதுல ப்ளக், சிலர் மஃப் போட்டிருப்பாங்க, மெதுவா "மேடம் ஒரு நிமிஷம்"னு சொன்னா யாருக்கும் கேக்காது. ஆபத்துக் குரல் சத்தமாத்தான் இருக்கும், சுருக்கமாத்தான் இருக்கும், வாங்க போங்கன்னு சேக்கறதுக்கு நேரம் இருக்காது. அந்த ஒரு வார்த்தைக்கு அவர் மேல வருத்தம் வெச்சுக்காதீங்க. நாளைக்கு நீங்க முன்னாடி குனிஞ்சு நிக்கும்போது உங்களுக்காக யாராவது அப்படிக் கத்தணும்.

ஆனா ரைஃபிள் கீழ வந்த அடுத்த நொடி அவர் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் பாடம் எடுக்கறது, எச்சரிக்கறது, ஃபைன் போடறது எல்லாம் ரேஞ்ச் ஆஃபீசரோ இன்சார்ஜோ செய்ய வேண்டியது, அதையும் தனியா கூப்பிட்டுத்தான் செய்யணும். எல்லார் முன்னாடியும் அவமானப்பட்ட ஒரு ஆள் அடுத்த ஷாட்டை நல்லா போட மாட்டாங்க, பாதுகாப்பாவும் போட மாட்டாங்க, கை நடுங்கும், கமாண்ட் காதுல விழாது. புதுசா வந்த ஒரு பொண்ணு அழுதுட்டுப் போனதை அவ்வளவு பேரும் பாத்துட்டு நின்னிருக்காங்க, ஒருத்தர் கூட பின்னாடியே வந்து ரெண்டு வார்த்தை பேசலங்கறது எனக்கு அந்தத் திட்டை விட அதிகமா உறுத்துது. இதைப் படிக்கற பழைய ஷூட்டர்ஸ் தயவுசெஞ்சு கேளுங்க, கண்டிச்சவர் சரியாவே கண்டிச்சிருந்தாலும், அதுக்கப்புறம் அந்தப் புது ஆள் கிட்டப் போய் "எல்லாருக்கும் இது ஒரு தடவை சொல்லித்தான் தெரியும், உக்காந்து தண்ணி குடிங்க"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.

திரும்பப் போகும்போது அவரைப் பாத்தா என்ன பண்றது? நீங்களே கிட்டப் போய், அவர் கையில துப்பாக்கி இல்லாத நேரமாப் பாத்து, "அன்னிக்கு நீங்க நிறுத்தினது சரிதான் சார், தேங்க்ஸ், இனிமே பாத்துக்கறேன்"னு சொல்லிடுங்க. அவ்வளவு போதும், நீளமா மன்னிப்புக் கேக்க வேண்டாம். திட்டினதைப் பத்தி அப்பவே கேக்கணும்னு தோணினா, அவர் முகத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க. தணிஞ்சு பேசறார்னா "எல்லார் முன்னாடியும் சொன்னதுதான் சார் கஷ்டமாப் போச்சு"ன்னு ஒரே வரியில சொல்லலாம். விறைப்பா இருந்தார்னா விட்டுடுங்க, அந்தப் பாதியை இன்சார்ஜ் கிட்ட சொல்லுங்க. என் அனுபவத்துல ரேஞ்ச்ல ரொம்ப சத்தமா கத்தறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அந்த நிமிஷம் நிஜமாவே பயந்து போனவங்கதான், அந்தப் பயம் வெளிய வரும்போது கோவமா வந்துடுது, நீங்க தேங்க்ஸ் சொன்னதும் அவங்களே கூசிப் போவாங்க.

அடுத்து அந்தப் பெரியவர். இதுல நான் கொஞ்சம் கறாராவே பேசப் போறேன்.

நம்ம ஊர்ல முன்பின் தெரியாத ஆளுக்கு அட்வைஸ் பண்றது அன்பு. பஸ்ல பக்கத்து சீட்டு அம்மா குழந்தைக்கு என்ன கஷாயம் குடுக்கணும்னு சொல்லுவாங்க, ஆஸ்பத்திரி வராண்டாவுல யாரோ ஒருத்தர் நம்ம ரிப்போர்ட்டை வாங்கிப் படிச்சுப் பாப்பார், அது நம்ம பழக்கம், எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா அதே பழக்கம் ஃபயரிங் லைனுக்கு வந்தா சரிப்படாது. ஒரு ஷாட்டுன்னா நின்னு, உடம்பை செட் பண்ணி, மூச்சை விட்டு, பிடிச்சு, சில நொடிக்குள்ள விடணும், அந்த நேரம் முழுக்க மனசுக்குள்ள ஒரே ஒரு யோசனைதான் இருக்கலாம். ஏர் ரைஃபிள் கார்டுல பத்துங்கறது அரை மில்லிமீட்டர் புள்ளி, பத்து மீட்டர் தள்ளி. "தோளை இறக்கும்மா"ன்னு ஒரு குரல் நடுவுல வந்தா அந்தக் குரல் சொன்னது சரியாவே இருந்தாலும் அந்த ஷாட் போச்சு. தனிநபர் போட்டியில ஃபயரிங் லைன்ல நிக்கும்போது சொந்தக் கோச்சே வந்து சொல்லிக் குடுக்கறதுக்கு ரூல்ஸ்ல ரொம்ப நாளா தடை இருக்கு, யார் கிட்டயாவது பேசணும்னா துப்பாக்கியை அன்லோட் பண்ணி வெச்சுட்டு, ஆஃபீசர் கிட்ட சொல்லிட்டு, லைனை விட்டு வெளிய வரணும். ப்ராக்டிஸ்ல அவ்வளவு கெடுபிடி இல்ல, உங்க கோச் உங்க பக்கத்துல நின்னு சொல்லித் தருவார், அது வேற. அறிமுகமே இல்லாத ஒருத்தர் தானா அந்த இடத்தை எடுத்துக்கறதுதான் பிரச்சனை, அதுவும் உங்க கோச் சொன்னதுக்கு எதிரா ஒண்ணைச் சொல்லிட்டா நீங்க ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்குவீங்க.

பெரியவர் மனசு நோகாம எப்படிச் சொல்றது? துப்பாக்கியை இறக்கி வெச்சுட்டு, அவரைப் பாத்து, "சார், இப்ப ஒரு பத்து ஷாட் சீரிஸ் போட்டுட்டு இருக்கேன், முடிச்சுட்டு நானே வந்து கேக்கறேன்"னு சொல்லுங்க. முடிச்சப்புறம் கேக்கணும்னு கட்டாயம் இல்ல, ஆனா ஒரு தடவை போய் உக்காந்து ஒரு சந்தேகம் கேட்டுட்டா அவருக்கு மனசு நிறைஞ்சுடும், பல நேரம் அவங்களுக்கு வேண்டியது பேச ஒரு ஆள்தான். அதுக்கப்புறமும் தொடர்ந்தா, "சார், எங்க கோச் வேற யார் கிட்டயும் கேக்க வேண்டாம்னு சொல்லியிருக்கார்"னு கோச் மேல பழியைப் போடுங்க. எந்த கோச்சும் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

முழங்கையைப் பிடிச்சது மட்டும் இந்தக் கணக்குல சேராது. எய்ம்ல இருக்கற ஒருத்தரைத் தொடறது ஆபத்து, அது ஆணோ பொண்ணோ, பதினஞ்சு வயசோ அம்பது வயசோ. லேசான ட்ரிகர்ல விரல் இருக்கும்போது முழங்கை ஆடினா பெல்லட் எங்க போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டாவது, உங்க அனுமதி இல்லாம உங்க உடம்பைத் தொட்டிருக்கார். நல்ல எண்ணத்துல தொட்டாரா இல்லையான்னு நீங்க உக்காந்து ஆராய்ச்சி பண்ண வேண்டியதில்ல, உங்களுக்குப் பிடிக்கலன்னா அதுவே போதும். கோச்சா இருக்கற நாங்களே ஸ்டூடண்ட் தோளை சரி பண்றதுக்கு முன்னாடி, துப்பாக்கியை இறக்கச் சொல்லிட்டு, "தொட்டு காட்டட்டுமா"ன்னு கேட்டுட்டுத்தான் கை வைக்கணும். அடுத்த தடவை கை நீண்டா "தொடாதீங்க சார்"னு சாதாரணக் குரல்ல, சிரிக்காம சொல்லுங்க. சிரிச்சுட்டே சொன்னா நம்ம ஊர்ல அது சம்மதம்னு ஆயிடுது. அதோட இதை இன்சார்ஜ் கிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க, வேற பொண்ணுங்களும் சின்னப் பசங்களும் அங்க வர்றாங்க.

இதே மாதிரிதான் அடுத்தவங்க சாமானைத் தொடறதும். ஒரு மேட்ச் ரைஃபிள்ல தோள்ல பதியற பட் ப்ளேட், கன்னம் சாயற சீக் பீஸ், சைட் எல்லாம் அந்த ஆள் உடம்புக்கு அளவெடுத்து மாசக்கணக்கா உக்காந்து செட் பண்ணது, டெய்லர் கடையில அளவு எடுத்துத் தச்ச ப்ளவுஸ் மாதிரி. "வாவ், ஃபெயின்வெர்க்பாவ் ரைஃபிளா, எடுத்துப் பாக்கட்டுமா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடியே கை போயிடும் சிலருக்கு. கேட்டுட்டு, அவங்க எடுத்துக் குடுத்தா மட்டும் வாங்குங்க, வாங்கும்போது ஃப்ளாக் இருக்கான்னு ரெண்டு பேரும் கண்ணால பாருங்க. பெல்லட்டும் அப்படித்தான். "ஒரு பத்து பெல்லட் குடுங்களேன், தீந்துடுச்சு"ன்னு கேக்கறது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா சில பேர் தன் பேரலுக்கு எந்த லாட் சரியா போகுதுன்னு டெஸ்ட் பண்ணிப் பாத்து, 4.49 மில்லிமீட்டரா 4.50-ஆன்னு பொறுக்கி வாங்கி, மேட்சுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருப்பாங்க. கேக்கலாம், தப்பில்ல, "ப்ராக்டிஸ் பெல்லட் ஏதாவது இருக்கா"ன்னு கேளுங்க, இல்லன்னா முகம் சுளிக்காம நகந்துடுங்க.

இப்ப மூணாவது, எனக்கு இதுல முக்கியமானது. பிஸ்டலோட திரும்பினாரே அவர்.

நீங்க பேசியிருக்கணும். குத்தம் சொல்லல, பேச உங்களுக்கு முழு உரிமை இருந்துச்சுன்னு சொல்றேன். ரேஞ்ச்ல சீனியர் ஜூனியர் எல்லாம் உண்டு, நேஷனல்ஸ் ஆடினவர் வந்தா எழுந்து நிக்கற பசங்க இருக்காங்க, அந்த மரியாதை இருக்கட்டும். ஆனா ஆபத்துன்னு வந்தா நேத்து சேந்த ஆளும் "ஸ்டாப்"னு கத்தலாம், கத்தணும். "ஸ்டாப், பேரலை முன்னாடி திருப்புங்க சார்", இவ்வளவுதான். தப்பா புரிஞ்சுக்கிட்டு கத்திட்டா என்ன? எல்லாரும் அஞ்சு நிமிஷம் நிறுத்துவாங்க, பாப்பாங்க, திரும்ப ஆரம்பிப்பாங்க. ஒண்ணும் இல்லாததுக்கு ஏன் கத்தினன்னு யாராவது கோவிச்சுக்கிட்டா அந்த இடத்து இன்சார்ஜை மாத்தணும், உங்களை இல்ல.

வயசுல பெரியவரை எப்படி நிறுத்தறதுங்கற தயக்கம் எனக்குப் புரியுது, நம்ம வளர்ப்பு அப்படி, அதுவும் பொண்ணா இருந்துட்டா "வாயாடி"ன்னு ஒரு பேர் ரெடியா இருக்கும். ஆனா யோசிச்சுப் பாருங்க, அவர் பேரல் உங்க வயித்தைத் தாண்டிப் போன மாதிரி, பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்த யாரோ ஒருத்தர் பையனையும் தாண்டிப் போயிருக்கும். அவருக்கும் அது தெரியாது. நாளைக்கு அவர் கையால ஒரு அசம்பாவிதம் நடந்தா வாழ்நாள் பூரா தூங்க மாட்டார். அவரை நிறுத்தறதும் அவருக்குச் செய்யற உதவிதான், அவர் அன்னிக்கு உணரலன்னாலும். நிறுத்தினதுக்கு அப்புறம் நீங்களும் திட்டக் கூடாது, உங்களுக்கு நடந்தது அவருக்கு நடக்க வேண்டாம். இன்சார்ஜ் கிட்ட விட்டுட்டு உங்க லேனுக்கு வந்துடுங்க. பிஸ்டல் கையில அடக்கமா இருக்கறதால மணிக்கட்டு ஆடினாலே பேரல் ஒரு சுத்து சுத்திடும், நீளமான ரைஃபிளைத் திருப்பறவர் தனக்கே தெரிஞ்சு நிறுத்துவார், பிஸ்டல்காரருக்கு அது உறைக்காது, அதனால பிஸ்டல் லேன் பக்கத்துல நிக்கும்போது இன்னும் கொஞ்சம் கவனமா இருங்க. ஃப்ரெண்டுக்குக் காட்டணும்னா துப்பாக்கி டேபிள்லயே இருக்கட்டும், ஃப்ரெண்டை இன்சார்ஜ் கிட்ட கேட்டுட்டு டேபிளுக்கு வரச் சொல்லுங்க.

நீங்க கேக்காத ரெண்டு மூணு விஷயம் சொல்லணும், திரும்பப் போறப்ப உதவும்.

நீங்க தெரியாம பக்கத்து லேன் கார்டுல சுட்டுட்டா, கிராஸ் ஃபயர்னு சொல்லுவாங்க, புதுசுல எல்லாருக்கும் நடக்கும், உடனே துப்பாக்கியை இறக்கிட்டு சொல்லிடுங்க. அவர் சீரிஸ் முடிச்சு கார்டை இழுத்துப் பாத்து, பதினோரு ஓட்டை இருக்கே, இதுல எது என்னுதுன்னு தலையைச் சொறியற வரைக்கும் விடாதீங்க. போட்டியில கிராஸ் ஃபயர் பண்ணவருக்கு அது மிஸ், ஜீரோ. வாங்கிக்கிட்டவருக்கு எது தன் ஷாட்டுன்னு பிரிக்க முடியலன்னா அதுல அதிக மதிப்புள்ளதைக் குடுத்துடுவாங்க, அவ்வளவு நியாயமா எழுதி வெச்சிருக்காங்க. ப்ராக்டிஸ்ல பாயிண்ட் இல்ல, ஆனா அவர் அந்தக் கார்டை வெச்சுத்தான் சைட்ல எத்தனை க்ளிக் திருப்பணும்னு முடிவு பண்ணுவார், உங்க ஓட்டையை நம்பித் திருப்பிட்டார்னா அன்னிக்கு ப்ராக்டிஸே வீண். "சாரி சார், உங்க கார்டுல ஒண்ணு போட்டுட்டேன், ஏழு மணிப் பக்கம் இருக்கறது என்னுது"ன்னு சொன்னா அவர் சிரிச்சுட்டு விட்டுடுவார்.

ஸ்கோர் கேக்காதீங்க. இது நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப கஷ்டமான விஷயம், மார்க் எவ்வளவு, சம்பளம் எவ்வளவுன்னு கேட்டே பழகிட்டோம். எலக்ட்ரானிக் டார்கெட் இருக்கற ரேஞ்ச்ல அடுத்தவர் மானிட்டர் கண்ணுல படத்தான் செய்யும், பாத்துட்டு "அய்யோ எட்டு போயிடுச்சே"ன்னு சொல்லாதீங்க, "சூப்பர், பத்து புள்ளி ஒம்போது"ன்னும் சொல்லாதீங்க. பாராட்டும் கலைக்கத்தான் செய்யும். முடிச்சுட்டு ஜாக்கெட்டைக் கழட்டினப்புறம் அவரே சொன்னா கேட்டு சந்தோஷப்படுங்க.

சத்தம் பத்தி ஒரு வாதம் வரும், ஒலிம்பிக் ஃபைனல்ல மியூசிக் போடறாங்க, ஜனங்க கை தட்டறாங்க, இங்க மட்டும் என்ன மயான அமைதின்னு. உண்மைதான், ஃபைனல்ல அதெல்லாம் உண்டு. பாரிஸ் 2024-ல மனு பாக்கர் ரெண்டு வெண்கலம் எடுத்ததும் அப்படிப்பட்ட கூச்சலுக்கு நடுவுலதான். ஆனா அவங்க அதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க, சத்தம் வரும்னு தெரிஞ்சு நிக்கறாங்க. உங்க ரேஞ்ச்ல பக்கத்துல நிக்கற பன்னெண்டாம் கிளாஸ் பையன் நாளைக்கு ஸ்டேட் மீட்டுக்காக ஒரு மணி நேரம் மட்டும் டைம் கிடைச்சு வந்திருப்பான். அவன் ரைஃபிள் மேல போகும்போது அவனுக்குப் பின்னாடி நடக்காதீங்க, இறக்கற வரைக்கும் நின்னுட்டுப் போங்க. சிலிண்டர்ல காத்து அடிக்கறது, அந்த "புஸ்"ஸை விடறது எல்லாம் லைனுக்குப் பின்னாடி தள்ளிப் போய். போன் சைலண்ட், வைப்ரேஷன் கூட டேபிள் மேல வேண்டாம், மரப் பலகையில அது அதிரும். மோசமான ஷாட் போட்டா "ச்சே"ன்னு டேபிளைத் தட்டறதும் நிறைய பேருக்கு இருக்கற கெட்ட பழக்கம்.

இன்னொண்ணு, லெஃப்ட் ஹேண்ட் ஷூட்டர்ஸ் பத்தி யாரும் புதுசா வர்றவங்களுக்குச் சொல்றதில்ல. ரைட் ஹேண்ட் ரைஃபிள் ஷூட்டர் நிக்கும்போது உடம்பு வலது பக்கம் பாத்திருக்கும், லெஃப்ட் ஹேண்டர் இடது பக்கம். அதனால உங்க வலது லேன்ல ஒரு லெஃப்ட் ஹேண்டர் வந்தார்னா ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்கற மாதிரி ஆயிடும், அவர் உங்களையே முறைக்கற மாதிரி இருக்கும், அவருக்கும் அதே நெளிச்சல். யார் மேலயும் தப்பில்ல, "லேன் மாத்திக்கலாமா"ன்னு ரெண்டு பேரும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசிக்கிட்டா தீந்துது, இல்லன்னா பக்கவாட்டுப் பார்வையை மறைக்கற சைட் பிளைண்டர் போட்டுக்கோங்க. உங்க லெட்டர்ல அந்தத் திட்டினவர் "எப்பவும் என்னையே பாத்துட்டு நிப்பார்"னு ஒரு வரி இருந்துச்சு. அவர் எந்தக் கைன்னு ஒரு தடவை கவனிச்சுப் பாருங்க.

கிளம்பும்போது கீழ சிதறின பெல்லட்டைப் பொறுக்கிப் போடுங்க, அடுத்து வர்றவர் ஷூட்டிங் பூட்ஸ்ல அதை மிதிச்சா பேலன்ஸ் போயிடும். அது ஈயம், கையை சோப்பு போட்டுக் கழுவாம பஜ்ஜி சாப்பிடாதீங்க, யார் கிட்டயும் ஒரு பிஸ்கட் கூட லைன் பக்கம் நீட்டாதீங்க, அன்பா குடுத்தாலும்.

அம்மாவைக் கூட்டிட்டு வரலாமான்னு கேட்டீங்க. தாராளமா. முன்னாடியே இன்சார்ஜ் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, சனிக்கிழமை காலையில கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து கூட்டிட்டு வாங்க. லைனுக்குப் பின்னாடி பார்வையாளருக்குன்னு இருக்கற இடத்துல உக்கார வைங்க, போனை வாங்கி வெச்சுக்கோங்க, போட்டோ எடுத்தா ஃப்ளாஷ் இல்லாம, அடுத்தவங்க குழந்தைங்க படத்துல வராம எடுக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு ஆயிரம் கேள்வி வரும், நீங்க எய்ம்ல இருக்கும்போதே "கை வலிக்குதாடி"ன்னு கேப்பாங்க, அதனால பத்து பத்து ஷாட்டா போட்டுட்டு நடுவுல ரைஃபிளை ஃப்ளாக்கோட வெச்சுட்டு வெளிய வந்து எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டுப் போங்க. அன்னிக்கு ஸ்கோர் குறையும், பரவாயில்ல.